பின்பக்கத்துச் சந்தனப் பொட்டு

யாரும் கேட்டு வராத ஒன்றை ஒருவர் இருபது வருடம் காத்து வைத்திருந்தால், அவர் செய்தது காவலா, வெறும் பழக்கமா? கேட்டு வரும் நாள் வரும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நாள் வராமலே போனால் கடைசிவரை தெரியாது. பேரிகை சம்பங்கியின் வாழ்க்கையை உற்றுப் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஆனால் உற்றுப் பார்க்கும்படி அதில் எதுவும் இருக்கவில்லை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ், மாலை ஆறு மணிக்கு டேப், ஏழரைக்கு வீடு.

சம்பங்கிக்கு இப்போது ஐம்பது வயது. குடும்பத்து நிலத்தை அண்ணன் கிருஷ்ணப்பன் பார்த்துக்கொண்டார். தக்காளியும் பீன்ஸும் அவர் பொறுப்பு. தம்பி சம்பங்கி ஓசூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஜூஜுவாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். கார் சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்கும் இரும்புப் பாகங்களைக் காய்ச்சி அடித்துச் செய்யும் தொழிற்சாலை அது. முதலில் டைம் ஆபீசில் வருகைப் பதிவு. 2003-இல் அப்போதைய மேலாளர், வேறு யாரும் விரும்பாத ஒரு வேலையை அவர் தலையில் கட்டினார். அன்றன்றைக்குக் கம்ப்யூட்டரில் சேர்ந்ததையெல்லாம் காந்த நாடாவில் நகல் எடுத்து வைப்பது. நாடா உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். அதை ஒரு இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும், மறுநாள் எடுத்து அடுத்ததைத் தள்ள வேண்டும். பெட்டிக்குப் பெயர் டேப். இயந்திரத்துக்குப் பெயர் டேப் டிரைவ்.

மாதக் கடைசி டேப் மட்டும் தொழிற்சாலைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று விதி. தீப்பிடித்தால் எல்லாம் ஒன்றாய்ப் போய்விடக் கூடாதல்லவா.

“உனக்கு எந்த ஊருப்பா?” என்று கேட்டார் மேலாளர்.

“பேரிகை சார்.”

“இங்கருந்து எவ்ளோ தூரம்?”

“முப்பது கிலோமீட்டர் வரும் சார்.”

“போதும். அவ்ளோ தூரம் தீ வராது.”

அப்படித்தான் சம்பங்கி வீட்டு பீரோவின் நடுத்தட்டு கம்பெனியின் பாதுகாப்புக் கிடங்கு ஆனது. கல்யாணப் புடவைக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவே மாதம் ஒன்றாகக் கறுப்புப் பெட்டிகள் சேர்ந்தன. “என் புடவைய மடிச்சு மடிச்சு ஒரு மூலைக்குத் தள்ளிட்டு, கம்பெனி கேசட்ட மகாராஜா மாதிரி உக்கார வச்சிருக்காரு” என்று மனைவி ருக்மணி வருகிறவர்களிடம் சொல்வாள். அவள் அந்தத் தட்டில் போடும் பாச்சை உருண்டைகளை அவர் எடுத்து வெளியே வைப்பார். அவள் மறுபடி போடுவாள். ஒருமுறை ஆடிட்டர் ஒருவர் அந்த பீரோவைப் பார்க்கவே வந்தார். காபி குடித்தார், தக்காளி ஒரு பை வாங்கிக்கொண்டார், பீரோவைத் திறக்கச் சொல்லாமலே தாளில் டிக் அடித்துவிட்டுப் போனார். இருபத்தோரு வருடத்தில் அந்த டேப்புகளைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த வேலையில் சம்பங்கி தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஆயுத பூஜைக்கு அந்தத் தொழிற்சாலையில் எல்லா இயந்திரமும் நிற்கும். உலைகூட அணையும். சர்வர் அறையில் உள்ளவையும் வருடத்தில் அந்த ஒருநாள்தான் அணைந்து, தூசி தட்டப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பூசிக்கொள்ளும். துடைப்பதற்காகக் கேபிள்களைக் கழற்ற வேண்டும்; கழற்றினால் பழையபடி செருக வேண்டும். சர்வரின் பின்பக்கத்தில் ஒரே மாதிரி பல வாய்கள். எது எதற்கு என்று காகிதத்தில் எழுதி ஒட்டிப் பார்த்தார். அங்கே சூடான காற்று ஓயாமல் வீசும், பசை காய்ந்து காகிதம் உதிர்ந்துவிடும். ஒரு வருடம் பூஜை தட்டில் மீந்த சந்தனத்தை, டேப் டிரைவின் கேபிள் தலையில் ஒரு பொட்டும், அது போய்ச் சேர வேண்டிய வாயின் ஓரத்தில் ஒரு பொட்டுமாக வைத்தார். காய்ந்து இறுகிய பொட்டு அடுத்த ஆயுத பூஜைவரை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அதுவே முறையாயிற்று. முன்பக்கத்துப் பொட்டு சாமிக்கு, பின்பக்கத்துப் பொட்டு அவருக்கு. பழைய பொட்டைப் பார்த்துச் செருகுவார், பிறகு அதன்மேல் புதுப் பொட்டு வைப்பார்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒருவருக்கு மட்டும் தெரிந்த கெட்டிக்காரத்தனம் மற்றவர்களுக்குப் பொறியாகவும் ஆகலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

2024 தொடக்கத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக நவீன்குமார் வந்தார். முப்பத்து நான்கு வயது. பெங்களூரில் வேலை பார்த்தவர். கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். இனி நகல்கள் எல்லாம் இணையம் வழியே வேறெங்கோ போய்விடும், டேப் டிரைவ் பழைய பதிவுகளைப் படிக்க மட்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மே மாதம் சம்பங்கியை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஆறு பக்கம் ஒப்படைப்புப் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட்டார். சாவி, பாஸ்வேர்டு, பதிவேடு எல்லாம் அதில் இருந்தன. பொட்டு இல்லை. மாதக் கடைசி டேப்புகள் எங்கே என்ற கட்டத்தில் ‘ஆஃப்-சைட்’, அதாவது வெளியிடம், என்று எழுதியிருந்தது. ஆஃப்-சைட் என்றால் எது என்று நவீன்குமாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. நவீன்குமாரின் ஆட்கள் இரண்டு பேர் சர்வர் அறையை அக்கறையாகச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, ஈரத் துணியால் முன்னும் பின்னும் ஒரு கறை இல்லாமல் துடைத்து, முன்பக்கத்தில் ஒரே வரிசையாகப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, படம் எடுத்துக் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த சம்பங்கி, நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரல் போட்டார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கேன்டீனில் அழகர்சாமி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இருபத்தெட்டு வருடமாக உலையில் வேலை. வரும் மார்ச்சில் ஓய்வு.

“என்ன அழகர்ணா, சாப்புடாம களியப் பாத்துக்கினு இருக்கீங்க?”

“பாத்துக்கிட்டுன்னு சொல்லுப்பா. நானும் எத்தன வருசமாச் சொல்றேன், உன் ‘கினு’ மட்டும் போகமாட்டேங்குது.” சொன்னவர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கெழம விசாரணையாம் எனக்கு.”

“உங்களுக்கா? எதுக்கு?”

விஷயம் இதுதான். இங்கே செய்த பாகம் ஒன்று ஆறு வருடம் கழித்து ஏதோ ஒரு காரில் விரிசல் விட்டிருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. கார் கம்பெனி அந்தப் பாகத்தின் எண்ணைப் பார்த்து, 2018 ஆகஸ்டில் இன்ன தேதி, இன்ன ஷிஃப்டில் காய்ச்சிய லாட், அதாவது ஒன்றாக உலையில் ஏற்றிய பாகங்கள், சரியாகத்தான் காய்ச்சப்பட்டதா என்று கேட்டிருக்கிறது. காகிதப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்த ஷிஃப்டில் ஆபரேட்டர் கையெழுத்துக் கட்டம் காலி. ஆபரேட்டர் அழகர்சாமி.

“ஆள் இல்லாம உலைய ஓட விட்டுட்டு எங்கியோ போயிட்டேனாம். எச்.ஆர்.ல அந்தப் பொண்ணு கேக்குது. எம் மூஞ்சியப் பாத்தா ஓடுறவன் மாதிரியா இருக்கு?”

“அன்னைக்கு என்ன ஆச்சுண்ணா?”

“மீட்டர் தப்பாக் காட்டுச்சுய்யா. இருவது டிகிரி தள்ளிக் காட்டுச்சு. நிப்பாட்டிட்டேன் லாட்ட. நிப்பாட்டுன லாட்டுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? கம்ப்யூட்டர்ல அடிச்சும் வச்சேன். சூப்பர்வைசர்கிட்ட அதுக்கு வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு.”

“அப்ப கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டிட்டா முடிஞ்சுதே?”

“பழைய கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் டேப்புல இருக்காம். அந்த டேப்ப ஓட்டுற மிசினு கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியலையாம். நேத்துலேருந்து மல்லுக்கட்டுறாய்ங்க.” அழகர்சாமி தட்டைத் தள்ளி வைத்தார். “இருவத்தெட்டு வருசம்ப்பா. போறப்ப இந்தப் பேரோடவா போறது?”

சம்பங்கிக்கு அப்போதே எழுந்து சர்வர் அறைக்குப் போகத் தோன்றியது. போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது என்று நினைத்தார். ஆறு மாதமாக அந்த அறையிலிருந்து ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்ற எண்ணமும் கூட இருந்தது. அது ரோஷமா, மரியாதையா என்று பிரித்துப் பார்க்க அவர் முயலவில்லை. அன்று மாலை முழுக்க ஸ்டோர்ஸில் போல்ட்டுகளை அளவு வாரியாக அடுக்கினார். அவை ஏற்கெனவே அளவு வாரியாகத்தான் இருந்தன.

மறுநாள் புதன்கிழமை பதினோரு மணிக்கு அவரைக் கூப்பிடுவதுபோல ஒரு சீட்டு வந்தது. கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஸ்டோர்ஸுக்குப் பொருள் கேட்கும் இண்டென்ட்: ‘டேப் டிரைவ் கேபிள், ஒன்று.’ கொடுத்தனுப்பினால் போதும். சம்பங்கி கேபிளை எடுத்துக்கொண்டு தானே நடந்தார்.

சர்வர் அறையில் நவீன்குமார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன், ஸ்பீக்கரில். பெங்களூரிலிருந்து பேக்கப் மென்பொருள் கம்பெனியின் சப்போர்ட் பிரிவு. காவியா என்ற பெண் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவர்கள் செய்யாதது இல்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டார்கள். டிரைவர் என்கிற துணை மென்பொருளில் இரண்டு விதத்தை ஏற்றிப் பார்த்தார்கள். சர்வரை நான்கு தடவை அணைத்து ஏற்றினார்கள். லைசென்ஸ் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தார்கள், தீரவில்லை. திரையில் ஒவ்வொரு முறையும் அதே வரி வந்தது: டேப் சாதனம் எதுவும் காணப்படவில்லை. டேப் டிரைவ் என்னவோ இரண்டடி தள்ளி, பச்சை விளக்கு எரிய, நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

சம்பங்கி கொண்டுவந்த புதுக் கேபிளைப் பழையது இருந்த இடத்திலேயே மாற்றினார்கள். சர்வர் மறுபடி எழுந்தது. அதே வரி.

“கேபிளும் மாத்தியாச்சு மேடம். அதே கதைதான்” என்றார் நவீன்குமார்.

“அப்போ டிரைவ் போயிருக்கும் சார். புதுசுக்கு ரிக்வெஸ்ட் போட்டுடறேன். மூணு வாரம் ஆகும்.”

“வெள்ளிக்கிழமை வேணும் எனக்கு.”

“எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லலையே சார் நீங்க” என்றாள் காவியா. மூன்று நாள் ஒரே குரலைக் கேட்ட சலிப்பு இரண்டு பக்கமும் இருந்தது.

சம்பங்கி தொண்டையைச் செருமினார். “சார், பின்னாடி ஒருவாட்டி பாத்துக்கட்டுமா?”

“பாருங்கண்ணா. நாங்க பாக்காததா?”

போன் விளக்கைப் போட்டுக்கொண்டு சர்வரின் பின்னால் குனிந்தார். சூடான காற்று முகத்தில் அடித்தது. பழகிய காற்று. பொட்டைத் தேடினார். இருபத்தோரு வருடத்தில் அந்த இடம் இவ்வளவு சுத்தமாக இருந்து அவர் பார்த்ததில்லை. கழற்றி வைத்த பழைய கேபிளின் தலையிலும் பொட்டு இல்லை, வாயின் ஓரத்திலும் இல்லை. அக்கறையான ஈரத் துணி இரண்டையும் எடுத்துப் போயிருந்தது.

டேப் கேபிளுக்குப் பொருந்தும் வாய்கள் இரண்டு இருந்தன. அச்சு அசலாக ஒரே மாதிரி. ஒன்றில் கேபிள். இன்னொன்றில் தூசி போகாமல் சின்னக் கறுப்பு மூடி. எது சரி?

அவருக்குத் தெரியவில்லை.

அதுதான் அவரை அடித்துப் போட்டது. எத்தனை தடவை செருகிய கை! ஆனால் கை பொட்டைப் பார்த்துத்தான் செருகியது, வாயைப் பார்த்து அல்ல. மேலா கீழா, இடதா வலதா என்று மனம் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடையாளத்தை நம்பியவர் இடத்தை மறந்துபோயிருந்தார். முதுகு வலிக்கக் குனிந்தபடியே சற்று நேரம் இருந்தார். நவீன்குமார் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணா, உள்ள ஏதாச்சும் தெரியுதா?”

“சார், இங்க ரெண்டு வாய் இருக்குது. இன்னொண்ணு காலியா கெடக்குது.”

“அது ஸ்பேர்ண்ணா. யூஸ் இல்ல.”

“யாரு சொன்னது சார்?”

நவீன்குமார் யோசித்தார். யாரும் சொல்லவில்லை. மூடி போட்டிருந்ததால் அப்படி நினைத்துக்கொண்டார்கள். அந்த மூடியைப் போட்டதே பூஜைக்குத் துடைத்தவர்கள்தான். காலியாக இருந்த வாய்க்குள் தூசி போகக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்.

“சார், நோடி, ஒரு நிமிஷம் பாருங்க” என்றது ஸ்பீக்கர், கன்னடம் கலந்து. காவியாவின் குரலில் சலிப்பு போயிருந்தது. “அங்க யாரோ புதுசாப் பேசறாங்களே, அவங்களையே கேக்கறேன். அண்ணா, ரெண்டு வாய்க்கும் பக்கத்துல சின்ன எழுத்துல நம்பர் இருக்கும். படிக்க முடியுமா?”

கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முதலில் கேபிள் இருந்த வாய்.

“நில்லுங்க, நில்லுங்க. மறுபடி சொல்லுங்க. நவீன் சார், அந்த வாய் ஹார்டு டிஸ்க்குகளைச் சேத்துக் கட்டி ஆளற கார்டோடது. அது டிஸ்க்க மட்டும்தான் மதிக்கும், டேப்ப வாசல்லயே விடாது. நான் முதல் நாளே கேட்டேன் உங்கள, எந்தக் கார்டுல மாட்டியிருக்குன்னு.”

“நான் பழைய டையகிராம் பாத்துச் சொன்னேன் மேடம்” என்றார் நவீன்குமார். காது சிவந்திருந்தது.

அப்போதுதான் சம்பங்கி பொட்டு விவகாரத்தைச் சொன்னார். முன்பக்கம் சாமிக்கு, பின்பக்கம் தனக்கு என்று சொல்லி முடித்தார். ஸ்பீக்கரில் சிரிப்பு கேட்டது.

“இந்த சொல்யூஷன் எங்க மேனுவல்ல இல்ல அண்ணா.”

சர்வரை மறுபடி அணைக்க, ஷிஃப்ட் மாறும் இரண்டரை மணிக்குப் பத்து நிமிடம் அனுமதி கிடைத்தது. மூடியைக் கழற்றிக் கேபிளை அந்த வாயில் செருகினார் சம்பங்கி. கிளிக்கென்று பிடித்தது. நவீன்குமாரின் கை சர்வரின் பட்டனுக்குப் போயிற்று.

“இருங்க சார். மொதல்ல டேப் டிரைவ். அது நல்லாக் கண்ண முழிக்கட்டும். சர்வர் எழுந்து சுத்திப் பாக்கறப்ப இது தூங்கிக்கினு இருந்தா, இல்லவே இல்லைன்னு முடிவு பண்ணிக்கும்.”

டிரைவின் விளக்கு மினுக்கி மினுக்கிக் கடைசியில் நிலையாக நின்றது. பிறகு சர்வர். விண்டோஸின் சாதனப் பட்டியலில், மூன்று நாளாக இல்லாத இடத்தில், டேப் டிரைவின் பெயர் வந்து உட்கார்ந்தது. நவீன்குமார் பேக்கப் மென்பொருளைத் திறந்தார். டேப் சாதனம் எதுவும் காணப்படவில்லை.

“அய்யோ” என்றார், தன்னையறியாமல்.

“பயப்படாதீங்க சார்” என்றாள் காவியா. “மூணு நாள்ல நாம ஏத்தின டிரைவர் இப்ப குறுக்க நிக்குது. அத எடுத்துட்டு, எங்களோடத மட்டும் போட்டு, சர்வீஸ நிறுத்தி மறுபடி விடுங்க. அப்புறம் தேடச் சொல்லுங்க.”

தேடச் சொன்னார்கள். வட்டம் சுற்றியது. சம்பங்கி திரையைப் பார்க்காமல் டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ அசையும் மெல்லிய சத்தம் கேட்டது; யாரோ தன்னைக் கூப்பிட்டதும் அது புரண்டு படுத்தது போல.

“வந்துடுச்சு” என்றார் நவீன்குமார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “வந்துடுச்சுண்ணா. சரி, 2018 ஆகஸ்ட் டேப். பதிவேட்டுல ஆஃப்-சைட்னு போட்டிருக்கு. எந்த லாக்கர், எந்த வால்ட்?”

“எங்க வீட்டு பீரோ சார்.”

நவீன்குமார் ஸ்பீக்கரில் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் போனை வச்சுடறேன் சார்” என்றாள் காவியா. “இத நான் கேக்கவே இல்ல.”

அன்று மாலை பேரிகையில் பீரோ திறந்தது. ருக்மணி கையில் மாவோடு வந்து நின்றாள். “என்னா, காலி பண்றீங்களா? நெஜமாவா?”

“ஒண்ணே ஒண்ணு. கேட்டிருக்காங்க.”

“கேட்டிருக்காங்களா?” என்றாள் அவள். பிறகு கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு, தட்டைத் துடைக்கத் துணி எடுத்து வந்தாள்.

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் சம்பங்கி நடு சீட்டில் உட்கார்ந்தார். பின் சீட்டுக்கடியில் ஸ்பீக்கர் இருக்கிறது, அதில் காந்தம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் அவ்வளவு பகை கிடையாது என்று காவியா சொல்லியிருப்பாள். ஆனால் அவர் இருபத்தோரு வருடமாக அப்படித்தான் உட்கார்ந்து வந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. பையில் தயிர் சாதத்தின்மேல் படாமல், தனிப் பையில் சுற்றி, ஆறு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம்.

டேப்பைத் தள்ளியதும் ஓடத் தொடங்கியது. நாற்பது நிமிடம் ஓடியது. பத்தரை மணிக்குப் பதிவுகள் திரைக்கு வந்தன. அந்தத் தேதி, அந்த ஷிஃப்ட், அந்த லாட். குறிப்பு என்ற கட்டத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து இரண்டு வரி இருந்தது: மீட்டர் இருபது டிகிரி தப்பாகக் காட்டுகிறது, லாட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன், மெயின்டனன்ஸுக்குச் சொல்லியாயிற்று. கீழே அழகர்சாமியின் எண்ணும் நேரமும். அதற்கும் கீழே, மறுநாள் மீட்டர் மாற்றி லாட்டை மறுபடி காய்ச்சிய வரைபடம், கடினச் சோதனையில் தேறிய விவரம், வேறொருவர் கையெழுத்து. லாட்டில் பழுதில்லை. காலிக் கட்டம் ஓடிப்போனவன் விட்டதல்ல, நிறுத்தியவன் விட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. எச்.ஆர். பெண் எழுந்து நின்று அழகர்சாமியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல், அச்செடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மெயின்டனன்ஸுக்கு ரெண்டு எழுத்து விட்டுட்டேனே, பாரு” என்றார் வெளியே வந்ததும். “ஆறு வருசமா இது இப்படியே கெடந்திருக்கு.”

“இன்னும் ஒம்பது வருசம் கெடக்கும்ணா” என்றார் சம்பங்கி. “பதினஞ்சு வருசம் வச்சிக்கினு இருக்கணும்னு ரூலு.”

“வச்சிக்கிட்டு” என்றார் அழகர்சாமி. இந்த முறை சிரித்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் ஒரு பழுது சரியானால் மட்டும் போதாது, அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றின் தலைப்பும் ‘ஏன்’. முதல் ஏனுக்கு விடை எழுதினால், அந்த விடை ஏன் என்று இரண்டாவது கேட்கும். இப்படி ஐந்து தடவை கேட்டால் ஆணிவேர் கிடைத்துவிடும் என்பது கார் தொழிலின் நம்பிக்கை. கடைசியில் பொறுப்பாளர் பெயர், கையெழுத்து.

பழுதைக் கண்டுபிடித்தவர் என்று படிவம் சம்பங்கியிடம் வந்தது. நவீன்குமார் கொண்டுவந்து கொடுத்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணா, டிசம்பர்லேருந்து வாரத்துல ரெண்டு நாள் மேல சர்வர் ரூமுக்கு வந்துடுங்க. பழைய டேப் எல்லாத்தையும் ஒருவாட்டி படிச்சுப் பாத்துடணும். பீரோவ காலி பண்ணிடலாம், உங்க வீட்டம்மாவும் சந்தோஷப்படுவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதுல சும்மா கேபிள் லூஸுன்னு போட்டுடுங்க. மூணு கட்டத்துல முடிஞ்சுடும். யாருக்கும் தலவலி இல்ல. தொடச்ச ரெண்டு பேரும் நல்ல பசங்க.”

“சரிங் சார்” என்றார் சம்பங்கி, மேலே வருவதற்கு.

நவீன்குமார் போன பிறகு படிவத்தை எடுத்து நிதானமாக எழுதினார். டேப் டிரைவ் ஏன் தெரியவில்லை? கேபிள் வேறு வாயில் இருந்தது. ஏன்? சரியான வாயின் அடையாளம் அழிந்துவிட்டது. ஏன்? அது அடையாளம் என்று துடைத்தவர்களுக்குத் தெரியாது. ஏன்? சம்பங்கி சொல்லவில்லை.

ஐந்தாவது கட்டம் மீதி இருந்தது: ஏன் சொல்லவில்லை? அதைக் காலியாக விட்டார். பொறுப்பாளர் இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பொறுப்பாளர் பெயர் இருந்தால் அவருக்கு ஒரு எச்சரிக்கை மெமோ போக வேண்டும். போயிற்று. இருபத்து மூன்று வருடப் பணிக் கோப்பில் முதல் கறை. நவீன்குமார் இதைப் பிழைக்கத் தெரியாத்தனம் என்றார். அழகர்சாமி, அந்த இரண்டு பையன்களைக் காப்பாற்றத்தான் என்று உலையடியில் எல்லோரிடமும் சொன்னார். “வீம்பு. வேற என்ன?” என்றாள் ருக்மணி. மூன்றும் இருக்கலாம். இத்தனை வருடம் பதிவுகளைக் காத்தவருக்கு, அவற்றில் ஒன்றிலாவது தன் பெயர் இருக்கட்டும் என்ற ஆசை இருந்திருந்தாலும் வியப்பில்லை. எதை நம்புவது என்று சொல்ல அவர் ஒரு துப்பும் கொடுக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் சர்வர் அறையில் அவர் முதல் வேலையாக, வெப்பத்துக்கு உதிராத உலோகச் சீட்டில் எண் பொறித்து இரண்டு வாய்க்கும் கம்பியால் கட்டினார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நவீன்குமார் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“அண்ணா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அஞ்சாவது கட்டத்த ஏன் விட்டீங்க? ஆடிட்டர் கேப்பாரு.”

“கேக்கட்டும் சார்” என்றார் சம்பங்கி. கம்பியின் முனையை மடக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, டேப் டிரைவின் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.